குப்பிக்குப் பிடித்த குடை

எண்பதுகளில் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறையில் அகச்சிவப்புக் கருவி என் பொறுப்பில் இருந்தது. குப்பியில் இருப்பது என்ன சேர்மம் என்று தாளில் கோடு போட்டுக் காட்டும் கருவி அது. ஆராய்ச்சி மாணவர்களில் ஒரு பெண்ணை மட்டும் ஜன்னலிலிருந்தே கண்டுகொள்வேன். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, கறுப்புக் குடை. குடை அவள் தலைக்கு அல்ல, கையிலிருக்கும் குப்பிக்கு.

அவள் செய்தவை இரும்பு கார்பனைல் சேர்மங்கள். ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும். காற்றோ வெளிச்சமோ பட்டால் துருச் சேறாகிவிடும். அதனால் குப்பியை இறுக மூடி, அலுமினியத் தாளும் சுற்றியிருப்பாள். அதற்கு மேலும் ஒரு குடை!

ஒருநாள் மழையில் தொப்பலாக வந்து நின்றாள்.

"ஏம்மா, மூடித்தானே வெச்சிருக்கே? குடைய உன் தலைக்குப் பிடிச்சா என்ன?"

"தெரியும் லா அண்ணே. மனசு கேக்கலையே."

கருவியின் பேனா கார்பனைல் கோடுகளைக் கூர்மையாக வரைந்து, சேர்மம் கெடவில்லை என்று காட்டும்வரை அவள் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. பிறகுதான் சிரித்தாள்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், சுள்ளென்ற வெயிலில் திடலைக் கடந்து மெல்ல வந்துகொண்டிருந்தாள். குடை அவள் தலைக்கு மேல் இருந்தது. மறு கையில் குப்பி, தாள்கூடச் சுற்றாமல், சும்மா தொங்கியது.

நான் கருவியைப் போடவில்லை. கென்டீனுக்குப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு சொன்னேன்.