மாடிப்படிக்கான வேஷம்

ஏப்ரல் மாத வெயிலில் பெங்களூரில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நடந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் கடைசி அது. ஞாயிறு மதியம் ஜீவனஹள்ளியிலிருந்து சேலை கட்டிக்கொண்டு கிளம்புவேன். உள்ளே பாவாடைக்குப் பதில் பேன்ட், முழங்கால்வரை சுருட்டிவிட்டது. தண்டவாளத்தின் ஓரம் ஆளில்லாத இடமாகப் பார்த்துச் சேலையை அவிழ்த்துப் பையில் திணித்து, ரவிக்கைக்கு மேல் சட்டையை மாட்டி, இடுப்புவரை தொங்கிய முடியைச் சுருட்டிக் குல்லாய்க்குள் அடைப்பேன். பிரேசர் டவுன் போய்ச் சேர்வதற்குள் தலையில் அரிசி போட்டிருந்தால் சோறாகியிருக்கும்.

அங்கே ஒரு மாடி வீட்டில்தான் அவர்கள் கூடுவார்கள். ஆண்களை விரும்பும் ஆண்கள். வங்கியிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் வேலை பார்த்தவர்கள். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று நன்றாகவே பேசுவார்கள். நோட்டீஸ் அடித்தால் திருநங்கைகளான எங்களையும் கடைசி வார்த்தையாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் நான் சேலையில் மட்டும் வரக்கூடாது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் குழுவை நடத்திய தமிழ்க்காரர். "எங்களுக்கு ஒரு ப்ராப்ளமும் இல்ல. கீழ ஹவுஸ் ஓனரம்மா இருக்காங்க. சர்ச்சுக்குப் போற ஃபேமிலி. நீங்க சேலைல வந்தா அடுத்த மாசமே காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

ஓனரம்மா பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் எனக்குத் தெரியும். தெருவில் என்னைப் பார்த்துக் கத்துகிற சொல் தங்கள் மேலும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எரிச்சல் மட்டும் வந்தது.

இவ்வளவு சகித்துக்கொண்டு ஏன் போனேன் என்றால், அந்த வீட்டில் ஒரு டெலிபோன் இருந்தது, அதன் முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாதவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கான போன். ஓசூரிலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் தமிழில் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வேன். "வீட்ல பொண்ணு பாத்துட்டாங்க, நான் என்ன பண்றது" என்று ஒருவர் அழுதால், அழுது முடிக்கும்வரை காத்திருப்பேன். எனக்கு அது நன்றாக வந்தது. கொஞ்ச மாதம் பார்த்துவிட்டு இதையே தினசரி வேலையாகத் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். என் உடம்பைக் கேட்காத ஒரு வேலை. அதற்காக இன்னும் இரண்டு குல்லாய்கூடப் போட்டிருப்பேன்.

நான் இருந்தது ஹமாமில். ஆண்கள் காசு கொடுத்து வெந்நீரில் குளிக்க வரும் இடம்; குளியலோடு நின்றுவிட மாட்டார்கள். என் குருவம்மா நடத்தியது அது. ஊரில் அடித்துத் துரத்தப்பட்டு வந்த என்னை மகளாக ஏற்றுக்கொண்டவர் அவர். அவர் வீட்டுக்கும் சட்டம் உண்டு. ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கைகள் கூட்டத்தில், சேர்ந்து சேலை கட்டியவள் மறுபடி ஆண் உடுப்பைத் தொடக்கூடாது. முடியை வெட்டவே கூடாது. பெரிய குற்றம் செய்தவளுக்கு ஜமாத் கூடிக் கொடுக்கும் தண்டனை, முடியை அறுப்பது. முடி இல்லாத திருநங்கையைப் பார்த்தால் எங்களவர்கள் முதலில் கேட்பது, என்ன செய்தாய் என்றுதான்.

ஒரு ஞாயிறு, படியேறும்போது குல்லாய்க்கு வெளியே பின்னல் நழுவித் தொங்கியிருக்கிறது. ஓனரம்மா பார்த்துவிட்டார்.

"கொஞ்சம் ட்ரிம் பண்ணிக்கக் கூடாதா?" என்றார் குழுக்காரர். "முடிதானே, வளந்துடும். அடுத்த மாசம் வேலை விஷயம் முடிவு பண்றோம். இந்த நேரத்துல ரிஸ்க் வேண்டாமே."

முடிதானே. அன்றைக்கே பேன்ட்டோடு ஒரு சலூனில் போய் உட்கார்ந்தேன். கழுத்தில் காற்றுப் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டதென்று நினைத்துச் சலூன்காரர் துண்டை நீட்டினார்.

முக்காட்டை விலக்கிப் பார்த்த குருவம்மா அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து, வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"தப்பு செஞ்சவளுக்குத்தான்டீ நாங்க முடி அறுப்போம். நீ என்ன தப்பு செஞ்சேன்னு உனக்கே அறுத்துக்கிட்ட?"

முடி வளரும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஜமாத்துக்குத் தெரிந்தால் அவர் தலையும் குனிய வேண்டும். கடைத்தெருவுக்குப் போகக்கூடாது, வாசலில் நிற்கக்கூடாது. பின்கட்டில் அண்டாவுக்கு விறகு போடும் வேலை. ஜன்னல் இல்லாத அறை, புகை, சாம்பல். தண்டனை என்று அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார். அதனால் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் என்னால் போக முடியவில்லை. கூட இருந்தவள் மூலம் குழுக்காரருக்குச் சொல்லியனுப்பினேன். ஒரு பகலில் அவரே ஸ்கூட்டரில் வந்தார். எங்கள் சந்துக்குள் வரவில்லை. முனை டீக்கடையில் நின்றுகொண்டு ஆள் அனுப்பினார். குருவம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினேன். வேலை விஷயம் என்றே நினைத்தேன்.

"ஒரு சின்ன சேஞ்ச்" என்றார். "ஓனரம்மா கேக்கறாங்க, மாடிக்கு எப்பப் பாத்தாலும் ஆம்பளைங்களே வர்றீங்க, ஒரு லேடீஸ்கூட இல்லையே, மேல என்ன நடக்குதுன்னு. அதனால இனிமே நீங்க சேலைலயே வாங்க. நல்ல காட்டன் சேலையா. பூ வெச்சுக்கிட்டு, அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு மேல வாங்க. போதும்."

"என்னைப் பாத்தா அவங்களுக்குத் தெரியாதா?"

"தூரத்துலேர்ந்து தெரியாது."

"போன்ல யாரு உக்காந்திருக்காங்க?"

அவர் டீ கிளாஸைப் பார்த்தார். "நீங்க வரலையா, அர்ஜென்ட்டா ஒரு ஆளு வேண்டியிருந்தது. எம்.ஏ. முடிச்ச பையன். தமிழும் வரும். உங்களுக்கு வேற ஏதாவது பாக்கலாம்."

முக்காட்டை எடுத்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காதுக்கு மேல் ஒட்ட வெட்டிய தலை, சேலைக்கு மேல். அவர் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தார், தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று.

"நான் எப்போ ஆம்பள, எப்போ பொம்பளன்னு முன்னாடியே சொல்லிடுங்க சார்" என்றேன். "அதுக்குத் தக்க முடி வளத்துக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. விக் கிடைக்கும், சிவாஜிநகரில் விசாரிக்கிறேன் என்றார். நல்ல மனிதர்தான், நிஜமாகவே விசாரித்திருப்பார்.

நான் திரும்பி வந்தபோது குருவம்மா எழுந்துவிட்டிருந்தார். யாரு வந்தது என்று கேட்டார். யாரோ விலாசம் கேட்டாங்கம்மா என்றேன். நம்பினாரா தெரியாது. முக்காட்டைச் சரியாகப் போடச் சொன்னார்.

முடி தோளைத் தொடும்வரை அந்த அறையில்தான் இருந்தேன். நாற்காலி கிடையாது. உட்கார ஒரு மணைக்கட்டை இருந்தது.