மூன்று நிமிடத்துக் கெங்

"உலகத்துல எடுத்த எந்தப் படத்தையும் மூணே நிமிஷத்துல சொல்லிடுவேன். மிச்சமெல்லாம் டைரக்டரோட கொழுப்பு!"

சீனாவின் சாங்ஷா நகரத்துக் கல்யாண விருந்தொன்றில், மிளகாய் மூடிய மீன்தலைக்கு முன்னால் எழுந்து நின்று கெங் தாவ்லின் இப்படி அறிவித்தபோது மேசையே கைதட்டியது. தட்டாதவள் அவர் மனைவி ருன்மெய் ஒருத்திதான். அவள் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

அறிவிப்பு வெறும் வாய்ச்சவடால் அல்ல. மாவட்டத் தொலைக்காட்சியில் பதினெட்டு வருஷம் வானிலை வாசித்த குரல் அது. எல்லாரும் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள், பார்க்க ஆளில்லை என்று நிலையம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. கெங்கும் கைப்பேசிக்கே போய்விட்டார். படச்சுருக்க வீடியோ செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே குரல் கொடுக்கும் வேலை. நாளைக்கு நாலு படம் வீதம் ஆறே வருஷத்தில் ஏழாயிரம் படங்களின் கதையை முடித்தார்.

அந்தத் தொழிலில் பெயர்களுக்கு இடமில்லை. நாயகன் எந்த நாட்டான் ஆனாலும் 'அழகன்'. நாயகி 'அழகி'. முரடன் 'தடியன்'. "அழகனுக்கு வேலை போனது. அழகி தடியனோடு கிளம்பினாள். ஆனால் அழகனிடம் ஒரு ரகசியம் இருந்தது." பார்க்கிறவரின் கட்டைவிரல் நழுவுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிட வேண்டும். இதைவிடப் பெரிய இலக்கணம் அந்தக் கலைக்குக் கிடையாது.

எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு, ருன்மெய் மயக்க மருந்து சாப்பிட்டவள் போல இழுத்து இழுத்துப் பேசுவதாகப் பட்டது. யூயாங்கில் இருக்கும் அக்காவின் ஆபரேஷனைப் பற்றி ஒருநாள் அவள் சொல்ல வந்தாள்.

"காலையில ஏழு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கையை விடவே மாட்டேன்னுட்டா. அப்ப அந்த நர்சு..."

"பொழைச்சாளா, இல்லையா? அதைச் சொல்லு."

"பொழைச்சா."

அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு வேறு எதையும் சொல்ல வருவதையே விட்டுவிட்டாள். வீடு அமைதியானது ஒலிப்பதிவுக்கு வசதியாக இருந்தது.

மார்ச் மாதம் இருவரும் பதிவு அலுவலகத்தில் விவாகரத்து மனு கொடுத்தார்கள். முப்பது நாள் பொறுக்கச் சொல்கிறது சட்டம். அதற்குள் ஒருவர் பின்வாங்கினாலும் மனு செல்லாது. காரணம் என்ற இடத்தில், எல்லாரும் எழுதுகிற 'உணர்வு முறிந்துவிட்டது' என்பதையே எழுதினார்கள். வாசகம் சுருக்கமாக இருந்ததால் கெங்குக்குத் திருப்தி. வருத்தப்படவும் முயன்று பார்த்தார். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது, யாருடைய கன்னமோ.

இருபத்தாறாம் நாள், யூயாங்கில் அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்த ருன்மெய் போனில் கூப்பிட்டாள்.

"கெங், ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு படம் இருக்கு. ரெண்டே முக்கால் மணி நேரம். என்கூட முழுசா உக்காந்து பாரு."

படத்தின் பெயரைச் சொன்னாள்.

"அதுவா! நான் செஞ்சதுதான். அழகன் மீன் வாங்குறான், அழகி அவனை விட்டு..."

"முடிவைச் சொன்னே, செருப்பு பிஞ்சுடும். போன் இல்லாம வா. படம் முடிஞ்சதும் என்ன பாத்தேன்னு சொல்லு. கேட்டுட்டுத்தான் மனுவை என்ன பண்றதுன்னு பாக்கணும்."

"மூணு நிமிஷ வேலை."

"தெரியுமே."

அரங்கில் பதினோரு பேர். வெள்ளித்திரையில் ஒருவன் மீன் வாளியோடு படகில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கெங்கின் கட்டைவிரல் அவர் முழங்காலைத் தள்ளிப் பார்த்தது. படம் முன்னே தாவவில்லை. மறுபடி தள்ளியது. ருன்மெய் அந்த விரலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பதாவது நிமிடத்தில் விரல் ஓய்ந்து தூங்கிவிட்டது. கெங் தூங்கவில்லை. அழுதார் என்று எழுத ஆசைதான், அழவும் இல்லை.

படம் விட்டதும் பஸ் நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். யூயாங் பஸ் நாலரைக்கு.

"சொல்லு" என்றாள்.

கெங் குரலைச் சரிசெய்துகொண்டார். "அழகன்னு ஒருத்தன்..." நின்றார். "அவன் பேரு ஹே சாங்ஃபூ. மீன் வாங்குறான். இல்ல, அதுக்கு முன்னாடி கை கழுவுறான். குழாய் இறுகிக் கெடக்கு. சட்டை நுனியால புடிச்சுத் திருப்புறான்."

"ம்."

"அப்புறம் படகு. வாளித் தண்ணி தளும்புது. அதுக்காகக் காலை இப்படி அகட்டி வச்சுக்கிறான்." மேசைக்கு அடியில் அகட்டிக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர் தன் காலை இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"தெரியல. மீனு அலுங்கக் கூடாதுன்னு போல. வெட்டத்தான் கொண்டு போறான். இருந்தாலும்... இரு, ஒண்ணு விட்டுட்டேன். படகுல ஒரு கெழவி ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தா. அதை முதல்ல சொல்லியிருக்கணும்."

"சரி, அங்கேருந்து சொல்லு."

நூடுல்ஸ் ஊறிக் கிண்ணத்தை அடைத்தது. எதிரே பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. ருன்மெய் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

பஸ் போய் வெகுநேரம் ஆகியும் கெங் சொன்ன படகு அக்கரை சேரவில்லை.