வாய் மூடாத வார்த்தை

ஒலிப்பதிவுக் கூடத்தில் 'உதட்டுக்காரர்' என்றால்தான் அவரைத் தெரியும். வேற்றுமொழிப் படங்களுக்கு உதட்டசைவு பார்த்துத் தமிழ் வசனம் எழுதுவது அவர் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாகத் திரையில் உதடுகளையே பார்த்துப் பார்த்து, மனிதர்களின் கண்ணைப் பார்க்கும் வழக்கம் விட்டுப்போயிருந்தது. எந்தப் படமும் அவருக்குப் பிடித்ததில்லை. தான் எழுதிய படத்துக்குக் கூட்டம் கூடினால்கூட, "ஊர்ல இவ்வளவு பேரு வேலைவெட்டி இல்லாமலா இருக்காங்க?" என்பார்.

இந்தத் தடவை வந்தது ஒரு கார்ட்டூன் படம். மறதி ராஜ்ஜியத்துக்குத் தூக்கிப் போகப்பட்ட அக்காவைத் தேடி, பறக்கும் படகில் தம்பி போகிறான். வழியெல்லாம் பாட்டு. ஒரு ஆமை வேறு, பாசத்தைப் பற்றி உபதேசம் பண்ணியே உயிரை எடுக்கிறது. கடைசியில் தம்பியின் கண்ணீர் ஒரு சொட்டு கையில் விழுந்ததும் அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.

"ஒரே சொட்டுல வேலை முடிஞ்சுது. இனிமே டாக்டருங்க எல்லாம் கடையைக் கட்டிட்டுப் போகலாம்," என்றார் உதட்டுக்காரர்.

டாக்டரை அவர் இழுத்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அக்காவுக்கும் மறதி நோய். அம்மா போனபோது இவருக்கு நாலு வயசு, அக்காவுக்குப் பதினாறு. குளிப்பாட்டி, சோறூட்டி, முதுகில் நாலு வைத்து, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு ஆளாக்கியது அவள்தான். அக்கா மகள் நாலு மாசமாகப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. இன்னும் உங்களை மட்டும்தான் கேக்குறாங்க. அதுவும் ரொம்ப நாள் இருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு."

"வந்து என்னம்மா பண்ணப்போறேன்? கட்டிப்புடிச்சு அழணுமா? அதெல்லாம் நமக்கு வராது. இந்தப் படம் முடியட்டும்."

அந்தப் படம் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, இது மூன்றாவது. மூன்று மணி நேரப் பஸ் பயணம், அவ்வளவுதான். பயம் என்று ஒத்துக்கொள்ள வக்கில்லாத மனுஷன், வேலை வேலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

படத்தின் கடைசிக் காட்சியில் சிக்கல் வந்தது. ஞாபகம் திரும்பிய அக்கா தம்பியை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுகிறாள். திரை முழுக்க அவள் வாய்தான். 'தம்பி' என்றால் நடுவில் உதடு ஒட்ட வேண்டும். திரையில் ஒட்டவில்லை.

"'என் உயிரே'ன்னு போட்டுடலாம் சார்," என்றார் டப்பிங் இயக்குநர்.

"எந்த அக்காய்யா தம்பியை 'என் உயிரே'ன்னு கூப்பிட்டா? வாய் ஒரு தடவைதான் திறக்குது. 'டேய்'னு போடுங்க."

"மரியாதையா இருக்குமா சார்?"

"மரியாதை எதுக்கு? அக்கா கூப்பிடுறா."

குரல் கொடுக்க வந்த அம்மாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று 'டேய்' என்று இழுத்தார். உதட்டசைவு கச்சிதமாக உட்கார்ந்தது. இயக்குநர் கர்சீப்பை எடுத்தார். உதட்டுக்காரர் அந்த 'டேய்'யை இன்னொரு தடவை போட்டுக்காட்டச் சொன்னார். போயும் போயும் ஒரு கார்ட்டூனைப் பார்த்து பஸ் ஏறும் கேவலம் தனக்கும் வந்துவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் பஸ் ஏறினார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அக்கா மகள் உள்ளே அழைத்துப்போனாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க. உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவள் வாயால் இவர் ஒரு 'ங்க' கேட்டதில்லை. செவிட்டில் ஓர் அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"என்னைத் தெரியலையா?"

"தெரியாம என்ன," என்றாள், வந்தவர் மனசு நோகக்கூடாதே என்று. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா? கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அக்கா."

"எங்க இருக்காங்க?"

"இந்த ஊர்லதான்."

"அடிக்கடி போய்ப் பாப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆயிரம் வாய்க்குப் பொய் எழுதியவருக்குச் சொந்த வாய் ஒத்துழைக்கவில்லை. "ரொம்ப நாளாச்சு. உடம்பு சரியில்லாம இருக்காங்க."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியொரு இளக்காரத்தை அவர் கண்டதே இல்லை.

"உடம்பு சரியில்லாத அக்காவைப் பாக்காம, முன்னப்பின்ன தெரியாத வீட்ல வந்து உக்காந்திருக்கீங்களே, நல்லாவா இருக்கு? எந்திரிங்க."

"அம்மா, இது மாமாம்மா," என்றாள் மகள்.

அக்கா காதில் வாங்கவில்லை. அவர் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முழங்கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தாள்.

"முதல்ல அவங்களைப் போய்ப் பாருங்க. பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க."

அவர் போகிறாரா என்று பார்த்தபடி கதவருகிலேயே நின்றாள். அவர் படியிறங்கினார்.