தம்புள்ளை போய் வந்த கோவா

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிய புதிது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அன்று என் தங்கைக்குப் பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் சடங்கு. பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சமைக்க வேண்டும். விடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனால், குடலைப் பிடுங்கும் நாற்றம்! மலை ஓடையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் அந்தப் பீலியை விட்டால் எங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

"இதுல எப்பிடிக்கா பச்சப்புள்ளய குளிப்பாட்டுறது?" என்று தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை கணவரையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் இழுத்துக்கொண்டு ஓடை வழியே மேலே ஏறினேன். ரோட்டு வளைவுக்குக் கீழே, ஓடைக்குள்ளேயே குவியல் குவியலாக அழுகிய கோவா, முட்டைக்கோஸ். அடக் கடவுளே! போதாக்குறைக்கு, இன்னும் கொட்டுவதற்கு மேலே ரோட்டில் ஒரு லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

நேரே போய் லொறிக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

"நான் என்னக்கா செய்றது? தம்புள்ளை சந்தையில ஏத்துன சாமான். பசறையில வெல போகல. எங்கயாச்சும் கொட்டிட்டு வான்னு மொதலாளி சொல்லிட்டாரு."

தங்கை கணவர் ஒரு சாக்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெலிமடையில் காய்கறித் தோட்டங்களுக்கு நாள் கூலிக்குப் போய் வருபவர்.

"அக்கா, இது நாங்க வெட்டி ஏத்துன கோவா. இந்தச் செவப்பு மை அடையாளம் நான் போட்டது."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வெலிமடையும் பசறையும் எங்கள் பதுளை மாவட்டத்திலேயேதான் இருக்கின்றன. இந்தக் கோவா மலையிறங்கித் தம்புள்ளை வரை போய், புகை கக்கும் லொறியில் மறுபடி மலையேறி, அடித்த மருந்தோடு எங்கள் குடிதண்ணீரில் வந்து விழ வேண்டுமா? தங்கை கணவர் என்னவோ சிரித்தார். முதுகு ஒடிய வெட்டி அனுப்பியது தன் பிள்ளை குளிக்கும் தண்ணீருக்கே வந்து சேர்ந்திருக்கிறது, வேறென்ன செய்வார்?

நாங்கள் வழி விடவில்லை. டிரைவர் பாவம், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்களோடு ஓடையில் இறங்கினார். அழுகலையெல்லாம் அள்ளிச் சாக்கில் கட்டி அவருடைய லொறியிலேயே ஏற்றி அனுப்பினோம். தண்ணீர் தெளிய மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் குளிப்பாட்டினோம். "இனி ஒரு பய இங்க கொட்ட மாட்டான்" என்று விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. லொறி நிறைய அழுகலோடு அந்த மனுஷன் எங்கே போயிருப்பார்? வெறும் லொறியோடுதானே அவர் முதலாளி முன்னால் போய் நிற்க முடியும்? பசறை வரைக்கும் ரோடு முழுக்க வளைவுதான். வளைவுக்குக் கீழே ஓடை, ஓடைக்குக் கீழே லயம்.

இன்றும் சந்தையில் ஒரு கோவாவைக் கையில் எடுத்தால், அன்று எங்கள் பிள்ளைக்குப் பதிலாக எந்த லயத்துப் பிள்ளை அந்தத் தண்ணீரில் குளித்ததோ என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது.