இருபதாவது தகடு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை மாடிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மொட்டைமாடியில் ஒரு இரும்புச் சட்டம். அதில் கூரைக்குப் போடுகிற இருபது பச்சைக் கண்ணாடியிழைத் தகடுகள் வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் கிடந்தன. வருஷத்துக்கு ஒன்றைக் கழற்றி, இயந்திரத்தில் வளைத்து உடைத்து, எவ்வளவு பலம் மிச்சம் என்று எழுதுவார்கள். மிச்சத் தகடுகளைக் காவல் காப்பதுதான் அவர் வேலை. உட்கார்ந்து தின்கிற உத்தியோகம் என்று கேலி செய்தவர்கள், உச்சிவெயிலில் ஒருமுறை அந்த மாடி ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் வருஷ மழையில் அவர் வீட்டுச் சமையலறைக் கூரை பொத்துக்கொண்டது. கைக்குழந்தையோடு மனைவி அடுப்புக்கும் ஒழுகலுக்கும் நடுவே அல்லாடினாள். அவர் கடைசித் தகட்டைக் கழற்றி வந்து ஓட்டையை அடைத்தார். அதன் முறை வர இருபது வருஷம் இருக்கிறதே, யார் கேட்கப் போகிறார்கள்! மழை ஓய்ந்து வெயில் வந்தால் அடுப்படி முழுக்கப் பச்சை வெளிச்சம். "மீன் தொட்டிக்குள்ள நின்னு சமைக்கிற மாதிரி இருக்குங்க" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது. அந்த மூன்று மாதம்போல் அந்த வீடு பிறகு எப்போதும் இருந்ததில்லை. மழைக்காலம் முடிந்ததும் புகைக்கறையைத் துடைத்து, தகட்டைச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டிவிட்டார்.

இருபது வருஷமும் ஓடிவிட்டது. அவர் ஓய்வு பெறும் நாளில், இன்ஜினியர் மேடம் அந்தக் கடைசித் தகட்டை இயந்திரத்தில் பொருத்தினார். இந்த எண்ணை நம்பித்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் போகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல பேரோடு வீட்டுக்குப் போகலாம். மாடிக்காரர் தகட்டின்மேல் கையை வைத்தார்.

"மேடம், நிறுத்துங்க. இது மூணு மாசம் எங்க வீட்டு அடுப்புக்கு மேல இருந்துச்சு."

மேடம் இயந்திரத்தை அணைத்தார். "சூடு, ஆவி, புகை எல்லாம் பட்டிருக்குமேண்ணே. இனிமே இத உடைச்சு என்ன பண்றது?" பதிவேட்டில் இருபதாம் வருஷத்துக்கு நேரே எண் எழுதாமல் ஒரு கோடு போட்டார். "எடுத்துட்டுப் போங்க."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திட்டினாங்களா?" என்றாள்.

"திட்டியிருந்தா பரவாயில்லையே."

இத்தனை வருஷம் வெயிலைத் தாங்கியவருக்கு அந்த ஒற்றைக் கோட்டைத் தாங்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

அவள் தகட்டைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். பச்சை வெளுத்து மஞ்சளாகியிருந்தது. மேலெல்லாம் இழை எழும்பி, கை வைத்தால் குத்தியது.

"வெயில்ல கெடந்து எப்படி ஆயிடுச்சு பாருங்க" என்றவள், அவருடைய கறுத்த முழங்கையைத் தடவிக்கொடுத்தாள்.