வில்லங்கத்தில் ஏறாத பெட்டி

இந்த மலைக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் ஒரு கேள்விக்கு மட்டும் நான் இன்னும் தடுமாறுகிறேன். தபாலாபீஸ், கூட்டுறவுச் சங்கம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும், பெயரைச் சொன்னவுடன் எழுதுகிறவர் தலையைத் தூக்காமல் "வீட்டுப்பேரு?" என்பார். முதல் தடவை நான் போடித் தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "நம்பரல்ல சாரே, வீட்டின்டே பேரு" என்றார். எங்கள் வீட்டுக்குப் பெயர் கிடையாது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். மலையாளம் அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். "சொந்த வீடு இல்லை" என்று எழுதியிருந்தார். போடியில் எனக்கு முற்றம் வைத்த காரைவீடு ஒன்று இருந்தது.

வெளிநாடு போனவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. நான் கப்பலோ விமானமோ ஏறவில்லை. போடியில் காலையில் பஸ் ஏறினால் வளைவு வளைவாக மலை ஏறி, போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் கொஞ்சம் நின்று, காப்பி குடிக்கும் நேரத்துக்குப் பூப்பாறையில் இறங்கிவிடலாம். ஆனாலும் சாவடிக்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம், வேறு எழுத்து, வேறு மழை. எல்லாவற்றையும்விட, வீடு என்பதற்கு வேறு பொருள். இங்கே வீட்டுப்பெயர் ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நடக்கும். வீட்டை விற்றாலும் பெயரை விற்பதில்லை. புதிய இடத்துக்குக் கையோடு எடுத்துப் போவார்கள். போடியில் வீட்டுக்குப் பெயர் இல்லை, ஆனால் அதை விட்டு அவ்வளவு லேசாக யாரும் கிளம்பிவிட முடியாது. இதை நான் தெரிந்துகொண்டது எழுபதுகளின் கடைசியில், கீழே ஒரு வீட்டை விற்று மேலே ஒரு வீட்டை வாங்கியபோது.

அதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாகவும் பிறகு உதவி ஆசிரியனாகவும் இருந்தேன். அப்பா காலமானபின் போடிக்குத் திரும்பி, அதே பத்திரிகைக்கு ஏலக்காய் விலையும் மழைச் செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தேன். மனைவி செல்வராணிக்கு மலைமேல் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. செய்தியை எங்கிருந்தும் அனுப்பலாம் என்பதால் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் கூடவே ஏறினோம். வாடகைக்குக் கிடைத்தது தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஆனியில் தொடங்கும் மழை எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுவரில் பாசி பிடித்தது. சின்னவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இரண்டாம் மழைக்காலத்தில் அவள் மூச்சுவிடும் சத்தம் மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது. காய்ந்த வீடு ஒன்று கிடைக்காவிட்டால் செல்வராணி வேலையை விட்டுவிட்டுக் கீழே இறங்குவது என்று பேசி வைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் வர்க்கிச் சேட்டன் மலபாருக்குக் குடிபெயரப் போவதாகக் கேள்விப்பட்டோம். பாலாப் பக்கத்திலிருந்து வந்து காட்டைத் திருத்தி ஏலச்செடி வைத்தவர். சரிவில் ஓட்டு வீடு, அடுப்புச் சூடு எல்லா அறைக்கும் பரவுகிற மாதிரிக் கட்டியது. வாங்கலாம் என்று போனவன் முதல் கேள்வியாகப் பத்திரத்தைக் கேட்டேன். "பட்டயம் ஒன்னும் இல்லா சாரே" என்றார், ஊரில் மழை இல்லை என்று சொல்வதைப்போல. பிறகு முற்றத்துப் பலாமரத்தின் அடியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, "ஈ பிலாவு ஞான் வெச்சதா. சோதிச்சு நோக்கு" என்றார். நான் மரத்தை விரலால் தட்டிச் சோதித்துப் பார்த்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மலையாளத்தில் அது 'கேட்டு'; அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார் என்றுதான் சொன்னாராம். கேட்டேன். பலா எந்த வருடம் வைத்தது, எல்லையில் நிற்கும் காப்பிச் செடி யாருடையது, ஓடை எந்த மழையில் திசை மாறியது என்று நான்கு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். நால்வரும் சொன்னது ஒன்றாக இருந்தது. பத்திரிகை ஆபீசில் இரண்டு பேர் சொல்வது பொருந்தினாலே செய்தியைப் போட்டுவிடுவோம். அச்சாரம் கொடுத்தேன். கிறிஸ்துமசுக்குப் புது இடத்தில் இருக்க வேண்டும், அதற்குள் மீதியைக் கொடுத்தால் வீடு உனக்கு, இல்லையென்றால் தொடுபுழைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார் என்றார்.

கார்த்திகையில் போடிக்கு இறங்கினேன். வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த கிட்டங்கி இஸ்மாயில் ராவுத்தருடையது. ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து வடக்கே அனுப்புகிறவர். காய் பொறுக்கும் பெண்களை உட்கார வைக்க அவருக்கு இடம் போதவில்லை. எங்கள் கூடத்தின் மேல் அவருக்குக் கண் இருந்தது எனக்குத் தெரியும். தாய்ப்பத்திரம் அப்பா பெயரில், அடுத்த பத்திரம் என் பெயரில். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மேலே பட்டயமே இல்லாத வீட்டுக்கு அச்சாரம் கொடுத்தவன், கீழே இவ்வளவு காகிதத்தோடு நிற்கிறோமே என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

வில்லங்கச் சான்றில் ஏறாத ஒன்று அந்த வீட்டின் உள்ளறையில் இருந்தது. எங்கள் வகையறாவின் சாமிப்பெட்டி. குலதெய்வத்தின் பட்டு, மணி, அரிவாள் எல்லாம் வைத்த மரப்பெட்டி. மாசிச் சிவராத்திரியன்று மட்டும்தான் அது எழும்பும். பங்காளிகள் சிலமலைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்ப் பூசை போட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். இடையில் எவரும் அசைக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து அது அங்கேயே இருந்ததால் சுவரைப்போல அதையும் நான் கண்ணால் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். எல்லாக் காகிதத்தையும் வரி வரியாகப் படித்தவன் அதை யோசிக்கவில்லை. பங்காளிகளைக் கேட்கவுமில்லை.

சேதி சிலமலைக்கு எட்டியது. பெரியப்பா மகன் சீனிச்சாமி அண்ணன் மறுநாள் காலையிலேயே இன்னும் இரண்டு பங்காளிகளோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மாடு, நிலம் எதை வாங்கினாலும் விற்றாலும் சுற்றுவட்டாரத்தில் விலை பேச அவரைக் கூட்டிப்போவார்கள். கோபத்தில் குரல் உயராது, தாழும்.

"பெட்டி உள்ள இருக்கயில வீட்ட விக்கிறேங்கிற. அப்ப சாமியவும் சேத்து வெல பேசிட்டயா அப்பு?"

பெட்டியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்றேன். மாசிக்கு முன் யார் தொடுவது என்று மற்ற இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மாசி வரை பொறு என்றார் அண்ணன். பிள்ளையின் மூச்சையும் வர்க்கிச் சேட்டனின் கெடுவையும் சொன்னேன். பிள்ளைக்கு மலை ஆகவில்லையென்றால் கீழே இறங்கி வா, வீடு இங்கேதான் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அதில் செல்வராணி இல்லை, அவ்வளவுதான். வர்க்கிச் சேட்டன், ராவுத்தர், நான் மூவரும் அவசரத்தில் இருந்தோம். அவசரம் இல்லாதவர் பெட்டிக்குள் இருந்தார்.

பேச்சுச் சத்தம் கேட்டு ராவுத்தர் வந்தார். வாசலில் நின்றபடி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே வந்து அண்ணனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒரே வயது, மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள்.

"மாப்ளே, பெட்டிக்கு வேண்டியது ஒரு ரூம்பு. மாசி வரைக்கும் அது அங்கனயே இருக்கட்டும். ரூம்பப் பூட்டிச் சாவிய தம்பி வச்சுக்கிரட்டும். வெள்ளிக்கெழம வந்து ரூம்பு வாசல்ல வெளக்கப் போட்டுட்டுப் போங்க, ஆரு கேக்கப் போறா?"

"நீ மேல மூட்டைய அடுக்கிப்புட்டயின்னா?"

"காயில ஈரம் படாம எலி படாம காப்பாத்துறதுதான் எனக்குச் சோலி. ஒங்க சாமிய எலிக்கு விட்டுருவனா?"

பங்காளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. ராவுத்தர் வியாபாரி, கொடுத்த கையை உடனே திருப்பினார். மாசி வரை அந்த அறை தனக்குப் புழங்காது, ஆகவே அதைக் கழித்துத்தான் விலை என்றார்.

"அதெப்படிக் கழிப்ப?" என்று அண்ணன் நிமிர்ந்தார். "சாமி இருந்த ரூம்பு. அதுக்குக் கூடக் குடுக்கணும்யா."

"எம்புட்டுக் கூட?" என்றார் ராவுத்தர். அதைக் கேட்டுக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு நீட்டினார்.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடித்துப் பேசுவார்கள். நீட்டிய துண்டைப் பார்த்தால் கையை உள்ளே விடுவது சீனிச்சாமி அண்ணனுக்கு மூச்சுவிடுவதைப்போல. விட்டார். விரல்கள் அசைவது துணியில் தெரிந்தது. அவர் ஒரு தடவை தலையை ஆட்டினார், ராவுத்தர் ஒரு தடவை உதட்டைப் பிதுக்கினார். விலை பேசத் தொடங்கிய பிறகு, விற்காதே என்று சொல்ல முடியாது. அதை அண்ணன் உணர்ந்த கணத்தை நான் பார்த்தேன். துண்டு அசையாமல் நின்றது. அவர் கையை உருவிக்கொள்வார் என்று நினைத்தேன். உருவவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி விரலைப் பிடித்தார். பழக்கதோஷத்தில் கையை விட்டாரா, ஒத்துக்கொள்ள ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் மாட்டைப் பற்றிப் பேசுவார்.

கடைசியில் அண்ணன் என் காதில் வந்து தொகையைச் சொன்னபோதுதான் என் வீடு என்ன விலைக்குப் போனது என்று எனக்குத் தெரிந்தது. நான் கேட்க நினைத்ததைவிட அதிகம். "சாமிக்கு உண்டான கூடுதல் அதுல இருக்கு. கோயில் கூரை ஓட்ட மாத்திரு" என்றார்.

போடியில் ராவுத்தருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். மார்கழி தொடங்கியதும் மலைமேல் இரண்டாவது காகிதம் எழுதினோம். முத்திரைத்தாளில் மலையாளம். பள்ளிக்கூடத்து மலையாள ஆசிரியை உரக்கப் படித்துக் காட்டினார். கிழக்கே ஓடை, மேற்கே பாறை, வடக்கே அந்தப் பலா. நான்கு வீட்டுக்காரர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள், நான் தமிழில் போட்டேன். அரசாங்கத்தின் கண்ணில் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும். இன்றுவரை யாரும் வந்து எழும்பு என்று சொன்னதில்லை. புதிதாக மலை ஏறுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், பட்டயத்தை விசாரி, அதைவிடக் கவனமாகப் பக்கத்து வீட்டை விசாரி என்கிறேன். வர்க்கிச் சேட்டன் ஜீப்பில் சாமான்களை ஏற்றினார். மிளகுக் கொடியின் தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுப்பெயரும் அவரோடு போயிற்று. சின்னவள் அடுத்த மழைக்காலத்தில் அடுப்பறைக்கு அடுத்த அறையில் சத்தமில்லாமல் தூங்கினாள். செல்வராணி இப்போது அதே பள்ளியில் தலைமையாசிரியை.

மாசிச் சிவராத்திரிக்குச் சாவியோடு இறங்கினேன். கூடத்தில் ஏலக்காய்ச் சாக்குகள் சுவரோரமாக ஒதுக்கப்பட்டு, நடுவில் வழி விட்டிருந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். தெருவில் பங்காளிகள் மேளத்தோடு நின்றார்கள். எங்கள் வகையறாவில் ஒரு முறை உண்டு. வீட்டுக்காரன் உள்ளேயிருந்து பெட்டியை எடுத்துவந்து கொடுக்க வேண்டும், பங்காளி வெளியே நின்று வாங்க வேண்டும். இப்போது யார் வீட்டுக்காரன் என்று எவரும் யோசித்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராவுத்தர் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"எடுத்துக் குடுக்குற வரைக்கும் நீதாண்டா வீட்டுக்காரன்" என்றார் சீனிச்சாமி அண்ணன். "வெரசா எடு."

பூட்டைத் திறந்தேன். அறையில் எலி இல்லை, ஒட்டடைகூட இல்லை. ஏலக்காய் வாசனை மட்டும் நிறைந்திருந்தது. பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து தெருக்கதவுக்கு வந்தேன். ஒரு காலைப் படிக்கு வெளியே எடுத்து வைத்தேன். அண்ணன் கை நீட்டி முன்பக்கத்தைப் பிடித்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து ராவுத்தர், வீட்டுக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:

"நெலை தாழ்வு தம்பி. பாத்து, குனிஞ்சு போங்க."

மீசை முளைத்த நாளிலிருந்து நான் குனிந்து நுழைந்த வாசல்நிலை அது. சரிங்க என்றேன். பெட்டியின் முன்பாதி தெருவில் அண்ணன் கையிலும் பின்பாதி ராவுத்தர் வீட்டுக்குள் என் கையிலும் இருக்க, அவர் சொன்னபடியே குனிந்தேன்.