ரெட்டைக் குறிக்கு ஒரு பொத்தான்

மே மாதம் பாதியில் தோணிகளைக் கரையோரம் கட்டிப் போட்டுவிடுவார்கள். மாலத்தீவுப் பக்கம் கொந்தளிக்கும் கடல் அடங்கி, செப்டம்பர் பிறக்கும்வரை பழைய துறைமுகத்தில் லோடு கிடையாது. அந்த நாட்களில் தோணிக்காரர்கள் பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். நான் ஆபீசில் உட்கார்ந்து எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். அந்த வருஷம் பயத்துக்குக் காரணம் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்து, நான் போனில் செய்த ஆப்பை எடுத்துவிட்டு வேறு போடலாம் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி தோணி ஏஜென்ட். ஊருக்கே அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான். நான் அவரிடம் டாலி எழுதுகிறவள். கரையிலிருந்து தோணிக்குப் போட்டிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் நின்று, எந்தச் சரக்கு எத்தனை மூட்டை ஏறுகிறது என்று குறிப்பது என் வேலை. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணம். பரீட்சையை விட்டேனே தவிர, பரீட்சைப் பயம் என்னை விடவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்ததை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் பார்த்துக்கொண்டே போவேன். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் ஆப் பிறந்தது அந்தப் பயத்தில்தான்.

எங்கள் தொழிலில் மூட்டைக்குப் பேர் கிடையாது, குறிதான் உண்டு. தீவில் சரக்கு எடுக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறி. சிவப்பு முக்கோணம் ஒரு கடை, நீல வட்டம் ஒரு கடை, பச்சைப் பிறை இன்னொரு கடை. வெட்டின தகரத்தை மூட்டைமேல் வைத்துப் பெயிண்டைத் தடவிவிடுவார்கள். லோடு தூக்குகிறவர், தோணியில் அடுக்குகிறவர், தீவில் இறக்குகிறவர், எல்லோரும் பார்ப்பது அந்தக் குறியை மட்டும்தான். எழுத்துத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பாஷையும் தெரிய வேண்டியதில்லை.

இதில் எங்கள் கரையில் மட்டும் நடக்கும் ஒரு தப்பு இருக்கிறது. அவசரத்தில் பெயிண்ட் காயும் முன்னால் மூட்டைமேல் மூட்டை அடுக்கிவிடுவார்கள். அடியில் இருக்கும் மூட்டையின் குறி மேல் மூட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிரித்து எடுத்தால் ஒரே சாக்கில் நீல வட்டமும் இருக்கும், மங்கலாகச் சிவப்பு முக்கோணமும் இருக்கும். ரெட்டைக் குறி என்போம். ஒருமுறை அப்படி நாலு மூட்டைப் பருப்பை வேறு தீவுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த தோணி போகும்வரை அந்தக் கடைக்காரர் பருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். தினமும் போனில் கத்தினார். ஆபீசில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், படிக்காத ஆளை வைத்தால் இப்படித்தான் என்று. பெயிண்ட் காயாததற்கும் என் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை.

அதற்கடுத்து வந்த ஓய்வு மாதங்களில்தான் யூடியூபில் தமிழில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லோ-கோட் என்பார்கள். ஒரு கம்பெனி இணையத்தில் இடம் கொடுத்திருக்கும். கட்டம், பொத்தான், பட்டியல் எல்லாம் அதில் தயாராக இருக்கும். நாம் இழுத்து வைத்து, இதை அமுக்கினால் அது நடக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்தால் போதும், ஆப் ஆகிவிடும். நான் பொத்தான்களில் எழுத்துப் போடவில்லை, குறிகளைப் போட்டேன். முக்கோணத்தை அமுக்கினால் முக்கோணத்தில் ஒன்று கூடும். கடைசியில் ஒரு மஞ்சள் பொத்தான், ரெட்டைக் குறிக்கு. அதை அமுக்கினால் கேமரா திறக்கும். படம் எடுத்ததும் அந்த மூட்டை எந்தக் கணக்கிலும் சேராமல் தனியாக நிற்கும். நான் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தோணி ஏறும். புதிதாக வரும் கடைகளுக்கு இடது வலது உள்ள குறியாகப் பார்த்துக் கொடுத்தேன். சாக்கின் வாய் மேலே இருக்க, பச்சைப் பிறை வலப்பக்கம் திறந்திருந்தால் அசல். ஒட்டிக்கொண்ட பிறை கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இடப்பக்கம் திறந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயம் சொல்லித் தந்தது.

லோடு மேஸ்திரி கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். இரண்டே நாளில் பழகிவிட்டார். நான் வரத் தாமதமானால், "ஏளா, ஒம் படப்பெட்டிய எங்க வச்சிருக்க, கொண்டா" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

மருமகன் கெட்டவரில்லை. நன்றாகப் படித்தவர், பெரிய கம்பெனியில் சாப்ட்வேர் வேலை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய யோசனை வேறு. கிளவுடில் ஒரு சர்வரை வாடகைக்குப் பிடிப்போம், நமக்கென்றே எழுதிய சாப்ட்வேரை அதில் ஏற்றுவோம் என்றார். பொறுமையாக விளக்கவும் செய்தார். என் ஆப் இன்னொருத்தர் வீட்டுக்குள் கட்டிய பரண் மாதிரியாம். வீட்டுக்காரன் வாடகையை ஏற்றலாம், விதியை மாற்றலாம், ஒருநாள் காலி பண்ணு என்றும் சொல்லலாம். பரணைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. சர்வரில் போட்டால் எழுதியது நம்முடையது, எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். நாளைக்குப் பத்துத் தோணி ஆனாலும் தாங்கும்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நான் ஏற்கெனவே அந்தப் பயத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் முழுப் பட்டியலையும் மூட்டைப் படங்களையும் பிரதி எடுத்துப் பென்டிரைவில் போட்டு, காகிதத்திலும் அச்செடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்தச் சர்வரில் ஏதாவது கோளாறானால் பார்க்கிற ஆள் யார்?

"நான் இருக்கேன்ல அக்கா."

"காலையில ஏழு மணிக்கு லோடு ஏறும்போது இருப்பீங்களா? மேஸ்திரி மூட்டையத் தோள்ல வச்சிக்கிட்டுப் பலகையில நிக்கும்போது இருப்பீங்களா?"

அவர் சிரித்தார். ஒரு வாட்ஸ்அப் தட்டினால் போதும் என்றார். அண்ணாச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், சீசன் முதல் தோணிக்கு இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம், எது தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் இனிமேல் என்று முடித்தார்.

எனக்கு இதில் போக இருந்தது வேலை இல்லை. வேலை இருக்கும். இன்னொருத்தர் செய்த திரையில், அவர் கொடுத்த பொத்தானை மட்டும் அமுக்குகிற வேலையாக இருக்கும். தப்பு நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும், கை வைக்க முடியாது, சென்னைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கக் கூடாது என்று என்னிடம் சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

முதல் தோணிக்குச் சரக்கு லாரி தாமதமாக வந்தது. விடியற்காலையில் இறக்கி, அவசர அவசரமாகக் குறி போட்டு அடுக்கிவிட்டார்கள். வலது கையில் என் போன், இடது கையில் மருமகன் அனுப்பிய புது போன். ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டிலும் அமுக்கினேன். புதியதில் குறிக்குப் பதில் கடைகளின் எண்கள் வரிசையாக இருந்தன. அழகான திரை. எந்த எண் எந்தக் குறி என்று ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். தோளில் பையும் இருந்தது. அதற்குள் ஒரு நோட்டு. ஐந்து மூட்டைக்கு ஒருமுறை அதிலும் கோடு போட்டுக்கொண்டேன். அதை யாருக்கும் சொல்லவில்லை.

அறுபது மூட்டை தாண்டியதும் முதல் ரெட்டைக் குறி வந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று. என்னுடையதில் மஞ்சள் பொத்தான், படம், முடிந்தது. புதியதில் அதற்கு இடமே இல்லை. மருமகனுக்குப் போன் போட்டேன். இப்போதைக்கு ஏதாவது ஒரு கடை எண்ணைப் போட்டுக் குறிப்பில் எழுதிவிடுங்கள், இந்த வாரக் கடைசிக்குள் அதற்கு ஒரு வழி செய்து ஏற்றிவிடுகிறேன் என்றார். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார். தோணி மறுநாள் கிளம்ப இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. என் ஆப்பில் மஞ்சள் பொத்தானை மறுபடி அமுக்கியதும் திரை உறைந்து, இடம் நிறைந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு வரி வந்தது. போன சீசன் முழுக்க எடுத்த மூட்டைப் படங்கள் அந்தக் கம்பெனி கொடுத்த இடத்தை நிரப்பிவிட்டிருந்தன. எல்லாவற்றையும் யோசித்துப் பயந்தவள், இதை மட்டும் யோசிக்கவில்லை. அண்ணாச்சி குடையோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

லோடு தூக்குகிறவர்களில் ஒருத்தர் மூட்டையோடு நின்று, "படிச்சவுக பெட்டி ஓடுது, நம்ம அக்கா பெட்டி படுத்துட்டுல்லா" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மூட்டைய எறக்கி வைங்க. பதினஞ்சு நிமிஷம் டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தேன். போன சீசன் படங்கள் முழுவதும் என் பென்டிரைவில் இருந்தன, காகிதத்தில் கணக்கும் இருந்தது. ஆகவே துணிந்து எல்லாவற்றையும் அந்தக் கம்பெனியின் இடத்திலிருந்து அழித்தேன். இனி எடுக்கும் படம் சின்னதாக விழும்படி அமைப்பில் ஒரு கட்டத்தை மாற்றினேன். அழிக்கும் முன்னால் நிஜமாகவே அழிக்கவா என்று அது கேட்டது. மூன்று முறை வாசித்துவிட்டு அமுக்கினேன். நின்ற இடம்வரை உள்ள கணக்கை நோட்டோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவர்கள் டீ கிளாஸை வைத்துவிட்டு வரும்போது திரை ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "எந்திரிச்சிட்டா?" என்று மட்டும் கேட்டார், யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாதிரி.

லோடு முடிந்தபோது புதியது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் ரெட்டைக் குறிகளுக்கு ஏதாவது ஒரு எண்ணைப் போட்டதில் நீல வட்டத்துக்கு இரண்டு மூட்டை கூட, முக்கோணத்துக்கு இரண்டு குறைவு என்று காட்டியது. என்னுடையது ஒருமுறை நின்றது, கணக்குச் சரியாக இருந்தது.

மத்தியானம் ஆபீசில் அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். மருமகன் நியாயமாகத்தான் பேசினார். ரெட்டைக் குறியைச் சேர்த்துவிட்டால் தன்னுடையது முழுசாகிவிடும், அக்காவுடையது நாளைக்கு வேறு எங்கேயாவது முட்டும் என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"அவுக சொல்லுதது சரிதானளா? ரெண்டும் என்னைக்காவது நிக்கத்தான செய்யும்?"

அந்த ஆபீசில் எத்தனையோ வருஷம் சரி அண்ணாச்சி என்று மட்டும் சொன்னவள் நான். ஆனாலும் சொன்னேன்.

"ரெண்டும் நிக்கும் அண்ணாச்சி. என்னோடது நின்னா நானே தூக்கி நிறுத்துவேன். அவுகளது நின்னா அவுக வரணும். கரையில நிக்கது நான். நாந் திருத்த முடியாத பெட்டிய வச்சிக்கிட்டு நான் டாலி எழுத மாட்டேன்."

அண்ணாச்சி பேனா மூடியைத் திருகினார்.

"வேலைய விட்டுருவேங்கியா?"

"விட மாட்டேன். இங்கனதான் இருப்பேன். நோட்டுல எழுதுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகனும் அந்தப் பக்கம் சிரித்ததாகத்தான் எனக்குக் கேட்டது.

முடிவில் இப்படி ஆனது. டாலி என் ஆப்பிலேயே நடக்கும். சனிக்கிழமை நான் எடுக்கும் பிரதியில் ஒன்று மருமகனின் வாடகைச் சர்வருக்கும் போகும், ஆப்புக்கு இடம் கொடுத்த கம்பெனிக்காரன் ஒருநாள் கதவை மூடினால் கையில் சரக்கு இருக்க வேண்டுமே. அதை நான் எதிர்க்கவில்லை. பிரதி இன்னொன்று கூடுவதில் என்னைப்போல் சந்தோஷப்படுகிற ஆள் கிடையாது. இனி எத்தனை தோணிக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தாங்காதபோது அதையும் நானே முதலில் பார்ப்பேன்.

ஆப்பின் பாஸ்வேர்டு என் பேரில் மட்டும் இருப்பது சரியில்லை என்றார் அண்ணாச்சி. அதுவும் நியாயம்தான், எனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வார்கள். காகிதத்தில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டினேன். கவரின் முதுகில், என்னைக் கேட்காமல் திரையை மாற்றக் கூடாது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லி அவர் முன்னால் நீட்டினேன். முதலாளியிடம் கையெழுத்து வாங்குகிற டாலிக்காரியை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். போட்டுக் கொடுத்தார்.

கவர் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரதி எடுத்து முடித்ததும் பீரோவைத் திறந்து, ஒட்டியது பிரியாமல் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவையும் பார்ப்பேன்.